891 சிசியின் விலை: கண்டி மலைப்பாதையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கணக்கு

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சிறிய எஞ்சின் 1,496 சிசி. டொயோட்டா ஜிஆர்86 காரின் எஞ்சின் 2,387 சிசி. வித்தியாசம் 891 சிசி. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் கழுத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவு அது. இலங்கையில் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது நடைமுறையில் இருந்த உற்பத்தித் தீர்வையின்படி, அந்த 891 சிசிக்கு மட்டும் 1 கோடியே 35 இலட்சத்து 12 ஆயிரத்து 950 ரூபா அதிகம் கட்ட வேண்டும்.

இந்த எண்ணை நான் முதலில் எழுதிப் பார்த்தது கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேநீர்க் கடையில், பில் துண்டின் பின்பக்கத்தில். போயா விடுமுறைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். வங்கியில் வேலை பார்ப்பவர், பேராதனையில் படிக்கும் இரண்டு பொடியன்கள், நாற்பது வருடமாக ஸ்பானர் பிடித்த மெக்கானிக் அண்ணன், நான். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: தோக்கியோ கண்காட்சியில் இந்த வருடம் என்ன வந்தது, அதில் எதை வாங்கலாம், எதைப் பார்த்து மட்டும் மகிழலாம். அன்று பொடியன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, 400 குதிரைவலுவுக்கு மேல, பாத்தீங்களா?" என்றான். மெக்கானிக் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான் தம்பி. அவ்வளவு குதிரையையும் பதினெட்டு வளைவுல எங்க அவுத்து விடப் போறீங்க?" என்று மஹியங்கனை வீதியின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எண்களால் பதில் எழுதிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

பதிவு 1: மேடையில் நின்றவை

ஜப்பானின் மோட்டார் கண்காட்சி 1954இல் தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொடங்கியது. 1991இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க வந்தார்கள். அதுவே அதன் உச்சம். 2023இல் அது தன் பெயரையே ‘ஜப்பான் மொபிலிட்டி ஷோ’ என்று மாற்றிக்கொண்டது. 2025 ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 9 வரை நடந்த கண்காட்சிக்கு வந்தவர்கள் சுமார் 10 இலட்சம். ஐரோப்பாவில் நிலைமை இன்னும் கடினம். 1905இல் தொடங்கிய ஜெனீவா கண்காட்சியை அதன் அமைப்பாளர்கள் 2024இல் மூடியே விட்டார்கள்.

இத்தகைய மேடைகளில் அறிமுகமான இரண்டு கார்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மஸ்டா எம்எக்ஸ்-5 முதலில் காட்டப்பட்டது 1989 பெப்ரவரியில், சிக்காகோ கண்காட்சியில். இரண்டு இருக்கை, திறந்த கூரை, பின்சக்கர இயக்கம். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

நிசான் ஜிடி-ஆர், ஆர்35 வடிவில், 2007 ஒக்டோபரில் தோக்கியோவில் திரை விலக்கப்பட்டது. 3,799 சிசி, இரட்டை டர்போ, நான்கு சக்கர இயக்கம். 2025 ஓகஸ்ட் 26 அன்று கடைசிக் கார் கட்டி முடிந்தது. 18 வருடத்தில் உருவானவை ஏறக்குறைய 48,000.

பத்து இலட்சம் ஒரு பக்கம், 48,000 மறுபக்கம். உலகம் போற்றியது பெரிய எஞ்சினை. உலகம் வாங்கி ஓட்டியது சின்ன எஞ்சினை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் பதிவுகளைப் படிப்பது எளிது.

புதியவையும் உண்டு. 2025 செப்டம்பரில் ஹொண்டா பிரெலூட் என்ற பழைய பெயரை ஹைபிரிட் காராகத் திரும்பக் கொண்டுவந்தது: 1,993 சிசி, ஜப்பானில் விலை 61 இலட்சத்து 79 ஆயிரத்து 800 யென். அதே ஆண்டு டிசம்பரில் டொயோட்டா ஜிஆர் ஜிடியை வெளியிட்டது: நான்கு லீற்றர் வி8, 650 குதிரைவலு இலக்கு, 1,750 கிலோவுக்குள் எடை. பொடியன்கள் இப்போது பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான். அழகான கார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

பதிவு 2: மூடியிருந்த கதவு

2020 மார்ச்சில் கொவிட் நெருக்கடியோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 17 வயதில் கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளை ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் காரையும் துறைமுகத்தில் காணாமலேயே 22 வயதை எட்டிவிட்டான்.

இடையில் நாடு வேறொரு கணக்கில் சிக்கியிருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை அரசு நிறுத்தியது. 2020 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 180 சொச்சம் ரூபா கொடுத்தோம். 2022இல் அது 360 வரை போய், 2025இல் 300ஐ ஒட்டி நின்றது. ஒரு யென் ஏறக்குறைய 2 ரூபா. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் நாங்கள் வரிசையில் நின்ற நாட்களை மறந்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் வரியைப் பற்றிக் கோபப்பட எனக்கு மனம் வராது. டொலரைக் காக்க நாடு போட்ட வேலி அது. ஆனால் அந்த வேலி எந்தக் கம்பியில் எவ்வளவு கூர்மை என்று காருக்கு ஆசைப்படுபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவு 3: துறைமுகத்தில் ஒரு கார்

2025இல் கதவு திறந்தபோது இருந்த படிகள் இவை. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலையில் 20 வீதம் சுங்க வரி. அந்த வரியின் மேல் 50 வீதம் மிகைவரி. எஞ்சினின் ஒவ்வொரு சிசிக்கும் உற்பத்தித் தீர்வை. பெற்றோல் கார் 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 100 வீதம் சொகுசு வரி. கடைசியில் 18 வீதம் பெறுமதி சேர் வரி. கார் உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

எம்எக்ஸ்-5 ஒன்று 30 இலட்சம் யென்னுக்கும், ஜிஆர்86 ஒன்று 35 இலட்சம் யென்னுக்கும் அம்பாந்தோட்டையில் இறங்குவதாக வைத்துக்கொண்டேன். யென் ஒன்று 2 ரூபா. பெறுமதி சேர் வரியைச் சற்றுக் குறைத்தே போட்டிருக்கிறேன். எல்லாம் இலட்சம் ரூபாவில்.

எம்எக்ஸ்-5, 1,496 சிசி:
இறங்கு விலை: 60.00
சுங்க வரி: 12.00
மிகைவரி: 6.00
உற்பத்தித் தீர்வை (சிசிக்கு 4,450 ரூபா): 66.57
சொகுசு வரி: 10.00
பெறுமதி சேர் வரி: 26.02
மொத்தம்: 180.59

ஜிஆர்86, 2,387 சிசி:
இறங்கு விலை: 70.00
சுங்க வரி: 14.00
மிகைவரி: 7.00
உற்பத்தித் தீர்வை (சிசிக்கு 8,450 ரூபா): 201.70
சொகுசு வரி: 20.00
பெறுமதி சேர் வரி: 52.69
மொத்தம்: 365.39

இறங்கு விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 இலட்சம் ரூபா. வரி கட்டி முடித்ததும் 1 கோடியே 84 இலட்சத்துக்கு மேல். எம்எக்ஸ்-5க்கு விலையில் ஒரு ரூபா என்றால் வரியில் இரண்டு ரூபா. ஜிஆர்86க்கு விலையில் ஒரு ரூபா என்றால் வரியில் நான்கு ரூபாவுக்கு மேல். விற்பனையாளரின் இலாபமும் பதிவுச் செலவும் இன்னும் சேரவில்லை.

காரணம் இரட்டைப் பெருக்கல். சிசி கூடும்போது பெருக்கப்படும் எண் மட்டும் கூடுவதில்லை. ஒரு சிசிக்கான விகிதமும் படிப்படியாக ஏறுகிறது. ஜிடி-ஆரின் எஞ்சின் எம்எக்ஸ்-5ஐப் போல இரண்டரை மடங்கு. அதன் தீர்வை 4 கோடியே 57 இலட்சத்து 77 ஆயிரத்து 950 ரூபா, ஏறக்குறைய ஏழு மடங்கு.

பிரெலூட் போன்ற ஹைபிரிட்டுக்குச் சொகுசு வரி எல்லை 55 இலட்சம், விகிதம் 80 வீதம். ஜப்பானியக் கடை விலையையே இறங்கு விலையாக எடுத்தால், சொகுசு வரி மட்டும் கிட்டத்தட்ட 55 இலட்சம் ரூபா வருகிறது.

பதிவு 4: ஒரு குதிரையின் விலை

கடையில் எப்போதும் பேசப்படுவது குதிரைவலு. எனவே தீர்வையைக் குதிரைவலுவால் வகுத்துப் பார்த்தேன். ஒரு குதிரைக்கு எவ்வளவு தீர்வை?

மஸ்டா எம்எக்ஸ்-5: 1,496 சிசி, 136 குதிரைவலு. ஒன்றுக்கு 48,950 ரூபா.
டொயோட்டா ஜிஆர் யாரிஸ்: 1,618 சிசி, 304 குதிரைவலு. ஒன்றுக்கு 34,063 ரூபா.
டொயோட்டா ஜிஆர்86: 2,387 சிசி, 235 குதிரைவலு. ஒன்றுக்கு 85,830 ரூபா.
நிசான் இசட்: 2,997 சிசி, 405 குதிரைவலு. ஒன்றுக்கு 80,290 ரூபா.
நிசான் ஜிடி-ஆர்: 3,799 சிசி, 570 குதிரைவலு. ஒன்றுக்கு 80,312 ரூபா.

மூன்றே சிலிண்டர் கொண்ட ஜிஆர் யாரிஸில் குதிரை மலிவு. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் சின்ன எஞ்சினிலிருந்து பெரிய வலு கிடைக்கிறது. நமது தீர்வையோ வலுவைப் பார்ப்பதில்லை; சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தை அளக்கிறது. அதனால், வலு வேண்டுமென்றே நிற்பவர்கூட, சிசியைத் துரத்தினால் நட்டப்படுவார்.

இதே யாரிஸில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1,600 சிசி வரை சிசிக்கு 5,150 ரூபா. அதைத் தாண்டினால் 6,400. யாரிஸ் தாண்டுவது 18 சிசியால், அதாவது மூன்றரைத் தேக்கரண்டி. 1,600இலேயே நின்றிருந்தால் தீர்வை 82 இலட்சத்து 40 ஆயிரம். இப்போது 1 கோடியே 3 இலட்சத்து 55 ஆயிரத்து 200. அந்த மூன்றரைத் தேக்கரண்டியின் விலை 21 இலட்சத்து 15 ஆயிரத்து 200 ரூபா. பத்திரிகைப் படத்தைப் பார்க்கும் முன் எஞ்சின் கொள்ளளவு எந்தப் படியில் விழுகிறது என்று பார்க்கச் சொல்லி நான் எங்கள் பொடியன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பதிவு 5: வளைவின் கணக்கு

இனிக் காரைக் கண்டிக்குக் கொண்டு வருவோம். கொழும்பிலிருந்து ஏ1 வீதி வழியாக ஏறக்குறைய 116 கிலோமீற்றர். மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீற்றர்கூட வராது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்த பழைய வழியும், இந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும் இருக்கின்றன. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் ஏற்ப வகுத்த பாதையின் மேல்தான் இன்றும் நாம் ஓடுகிறோம்.

கண்டியிலிருந்து கிழக்கே, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர கடந்து ஹசலக்கவுக்கு இறங்கும் மஹியங்கனை வீதியில் இருப்பவைதான் பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற அந்தக் கொண்டை ஊசி வளைவுகள். மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி இங்கேதான்.

ஒரு காரை வளைவிலிருந்து வெளியே தூக்கி எறியாமல் பிடித்து வைப்பது டயரும் தார் வீதியும் உரசும் பிடிப்பு மட்டுமே. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த வீதி, நல்ல டயர், உராய்வு எண் 0.8. கணக்கின்படி எல்லை வேகம் மணிக்கு 39 கிலோமீற்றர். மழையில் அதே எண் 0.5 ஆகக் குறைந்தால் 31 கிலோமீற்றர். அந்தச் சூத்திரத்தில் குதிரைவலு என்ற எழுத்தே இல்லை. காரின் எடையும் இரு பக்கமும் வெட்டுப்பட்டு மறைந்துவிடுகிறது. 136 குதிரைவலுவானாலும் 570 ஆனாலும், கொண்டை ஊசியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். நல்ல டயர் கொஞ்சம் கூட்டித் தரும், தேய்ந்த டயர் குறைக்கும்.

அடுத்த வளைவு வரை உள்ள சின்ன நேர்ப் பகுதியில் வித்தியாசம் தெரியும்தானே என்று கேட்கலாம். தெரியும். ஏற்றத்தில் 39இலிருந்து 70ஐத் தொட எம்எக்ஸ்-5க்கு நான்கு விநாடி அளவில் போதும். ஜிடி-ஆருக்கு அதில் பாதி. ஆனால் ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் வைத்த எல்லை 70, ஊருக்குள் 50. இரண்டு கார்களும் அங்கேயே நிற்க வேண்டும். ஆக, கோடிக் கணக்கில் கூடுதலாகக் கட்டி நாம் வாங்குவது, ஒரு நேர்ப் பாதைக்கு இரண்டு விநாடி.

அகலத்தையும் எழுதிக்கொள்வோம். ஜிடி-ஆர் 1,895 மில்லிமீற்றர், எம்எக்ஸ்-5 1,735. எதிரே வரும் பஸ் ஏறக்குறைய 2,500. மலைவீதியில் இரண்டு தடமும் சேர்ந்து ஆறு மீற்றர் உள்ள இடத்தில் அந்த 16 சென்றிமீற்றர் நிம்மதியாக மூச்சு விடும் இடம். தரையிலிருந்து உயரம் ஜிடி-ஆருக்கு 110 மில்லிமீற்றர், ஜிஆர்86க்கு 130. பாடசாலைக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடையில் அடிவயிறு உரசும் சத்தத்தை ஒரு முறை கேட்டவர்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் தெரியும்.

பதிவு 6: இறக்கத்தின் சூடு

ஏறுவதைவிட இறங்குவது கடினம். எங்கள் மலையகத்தில் ஓட்டப் பழகும் எல்லாருக்கும் முதலில் சொல்லித் தரும் பாடம் அது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கண்டி ஏறக்குறைய 500. இறம்பொடை, புசல்லாவ, கம்பளை வழியாக 77 கிலோமீற்றரில் 1,370 மீற்றர் அளவு இறங்குகிறோம். 1,000 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் விடும் சக்தி 13.4 மெகாஜூல். 20 பாகை வெப்பத்தில் இருக்கும் 40 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். 1,760 கிலோ எடையுள்ள ஜிடி-ஆரில் அதே இறக்கத்தில் 70 லீற்றர் கொதிக்கும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், ஒரு பகுதியைச் சின்னக் கியரில் எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மிச்சம் எல்லாம் பிரேக் தட்டில்தான்.

பெரிய காருக்குப் பெரிய பிரேக் கொடுக்கிறார்களே என்றால், உண்மை. ஆனால் பெரிய பிரேக்குக்குப் பெரிய விலை, பெரிய சக்கரம், பெரிய டயர். ஜிடி-ஆரின் பின் டயர் 285 மில்லிமீற்றர் அகலம், 20 அங்குலச் சக்கரம். எம்எக்ஸ்-5இன் சின்ன எஞ்சின் காருக்கு 195 மில்லிமீற்றர், 16 அங்குலம். அந்த அளவில் டயர் தேடிக் கண்டி நகரத்துக் கடைகளிலேயே முடித்துக்கொள்ளலாம். எடை கூடக் கூட, அதைச் சமாளிக்கும் ஒவ்வொரு பாகத்தின் செலவும் அதன் பின்னால் ஏறுகிறது. லேசான காருக்கு அந்தச் செலவே இல்லை.

பதிவு 7: பெற்றோல்

கண்டியிலிருந்து நுவரெலியா போய் வர 154 கிலோமீற்றர். மலையில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 15.4 லீற்றர். லீற்றருக்கு 6 ஓடும் காருக்கு 25.7 லீற்றர்.

2022 ஜூலை 17 அன்று ஒக்டேன் 95 பெற்றோல் லீற்றர் 540 ரூபாவாக இருந்தது. அந்த விலையில் முதல் காருக்கு 8,316 ரூபா, இரண்டாவதற்கு 13,860. பணம் இருந்தாலும் போதவில்லை. அப்போது வந்த கியூஆர் அட்டையில் ஒரு காருக்குத் தொடக்கத்தில் வாரம் 20 லீற்றர். லேசான கார் நுவரெலியா போய் வந்து நான்கரை லீற்றர் மிச்சம் வைத்திருக்கும். கனமான கார் திரும்பும் வழியில் கம்பளைக்கு முன்பே நின்றிருக்கும். 2023 செப்டம்பர் முதலாம் திகதி அந்த அட்டை முறை முடிவுக்கு வந்தது. அந்த 20 லீற்றர் எங்களுக்குக் கற்பித்த அளவறிதல் முடிவுக்கு வரக் கூடாது என்பது என் ஆசை.

பதிவு 8: ஓட்ட ஓர் இடம்

காரை விரும்புபவன் அதை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்கவும் விரும்புவான். அது இயல்பு. எங்கே என்பதுதான் கேள்வி.

அதிவேக வீதியில் எல்லை மணிக்கு 100. மத்திய அதிவேக வீதியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான 40.9 கிலோமீற்றர் 2022 ஜனவரியில் திறந்தது. கண்டியிலிருந்து அதைத் தொட கலகெதர வழியாக 40 சொச்சம் கிலோமீற்றர் போக வேண்டும். அங்கேயும் 100தான்.

பொது வீதியில் போட்டி போடுவதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். இந்த நாட்டில் வீதி விபத்தில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். 2025 மே 11 விடியலில் இறம்பொடைக்கு அருகே கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே நான் பெற்றோல் கணக்குப் போட்ட அதே வீதி. அதே வருடம் நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக அதிகமாக இழந்த மாவட்டம் கண்டி. கடுகண்ணாவையில் ஏ1 வீதியே மண்ணில் மூடிக் கிடந்தது. அந்த வீதிகளை வேகம் பார்க்கும் இடமாக நினைக்க எங்கள் ஊரார் யாருக்கும் மனம் வரக் கூடாது.

வேகத்துக்கு என்றே ஓர் இடம் நமக்குப் பழையதாக இருக்கிறது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டப் பாதையை மூடி, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் ஏற விட்டு, கடிகாரத்தோடு மட்டும் மோத விடும் போட்டி. ஏப்ரல் வசந்த காலத்தின் அடையாளங்களில் ஒன்று. இலங்கைப் பந்தயங்களில் போர்ட் லேசர், நிசான் மார்ச் போன்ற சின்னக் கார்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. பழைய சின்னக் காரைக் கொண்டு போனவரும் தலை நிமிர்ந்து நிற்கும் இடம் அது.

மூடிய பாதை என்றால் மட்டும் ஆபத்து போய்விடாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து வருட இடைவெளிக்குப் பின் நடந்த போட்டி அது. பார்க்க வந்தவர்கள் எத்தனை மீற்றர் தள்ளி நிற்கிறார்கள் என்பது குதிரைவலுவைவிட முக்கியமான எண். கண்டிப் பக்கமும் ஒழுங்கான வேலியோடு, அம்புலன்ஸோடு, வருடத்தில் ஒரு காலையாவது ஒரு மலையேற்றம் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். எங்கள் பொடியன்களுக்கு இரவு வீதியைவிட நல்ல இடம் ஒன்றைக் காட்டுவது பெரியவர்களின் கடமை.

கூட்டல்

இவ்வளவு எண்களையும் ஒரே தாளில் எழுதினால் ஒரு நேர்கோடு தெரிகிறது. துறைமுகத்தில் மிகவும் விலை கூடியது சிசி. கண்டி மலையில் மிகவும் பயன் குறைந்ததும் அதே சிசிதான். எடையைக் குறைத்தால் வரி கேட்பவர் யாருமில்லை. ஆனால் பெற்றோலும், பிரேக்கும், டயரும், இறக்கத்துச் சூடும் ஒன்றாகக் குறைகின்றன. பெரிய கார்களைக் கண்காட்சியில் வியந்து பார்ப்போம். அந்த வியப்பு எனக்கும் வேண்டும். ஆனால் கண்டியில் வாங்கி வைத்து ஓட்டுவதென்றால், பணம் இருப்பவரும் 1,500 சிசிக்கு உள்ளே, ஒரு தொன்னுக்கு அருகே இருக்கும் காரைத் தேட வேண்டும் என்பதே என் முடிவு. பணம் இல்லாதவர் வருந்த வேண்டியதும் இல்லை. இங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய சின்னக் கார்கள் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன.

மெக்கானிக் அண்ணனிடம் இருப்பது டொயோட்டா ஸ்டார்லட், 1990களின் தொடக்கத்தில் வந்தது. 1,331 சிசி, 800 கிலோ அளவு. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது அது கொதிக்க வைப்பது 32 லீற்றர் தண்ணீர் மட்டும். அடுத்த போயா அன்று பில் துண்டுக் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, அன்று கைப்பேசியைக் காட்டிய பொடியனிடம் சாவியை நீட்டி, "வா தம்பி, ஹசலக்க மட்டும் போயிட்டு வருவம். பதினெட்டும் ரெண்டாம் கியர்ல. பிரேக்க மணக்க விடாம இறக்கிக் காட்டு" என்றார்.

போய் வந்தபோது பொடியனின் முகத்தில் கைப்பேசியில் 400 குதிரைவலுவைக் காட்டிய அன்றைக்கு இருந்ததைவிடப் பெரிய வெளிச்சம். பதினான்காவது வளைவில் கொஞ்சம் பிந்தித் திருப்பிவிட்டானாம். அடுத்த முறை சரியாகச் செய்வான்.